செவலை கயிற்றில் நடந்த கோடை

வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய்ச் சில மாதமாகிறது. தலைக்கு எண்ணெய் வைப்பது, கொடியில் துணி போடுவது எல்லாம் இடது கையால்தான். ஊரில் என்னோடு வளர்ந்த உங்களிடம், நம் வயதில், இதைச் சொன்னால் யாரும் ஐயோ என்பதில்லை. அவரவர் தோளைத் தடவிக்கொண்டு 'எனக்கும்தான்' என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். இந்தத் தோளை வைத்துக்கொண்டுதான் மகன் வாங்கி வந்திருக்கும் நாயைக் காலையில் நான் வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அவனுக்கு வேலை, மருமகளுக்கு வேலை. நாய் வாங்கப் போகும்போது மட்டும் இரண்டு பேருக்கும் நேரம் இருந்தது.

கூட்டிப்போகிறேன் என்று சொல்வதுகூடப் பொய். அதுதான் என்னைத் தெரு முழுக்கத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. போன வாரம் ஒரு பூனையைப் பார்த்து அது பாய்ந்ததில் தோள் விண்ணென்று தெறித்து, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். நாய் இழுத்தால் நீங்கள் திருப்பி இழுக்காதீர்கள், அப்படியே நின்றுவிடுங்கள், கயிறு தொய்ந்ததும் நடங்கள் என்று அதில் ஒரு வெளிநாட்டுப் பெண் செய்து காட்டினாள். "சயின்டிஃபிக் மெத்தடும்மா, டிரை பண்ணு" என்றான். எங்கள் அத்தை இதையேதான் செய்தாள், செய்ததற்கு அவளை முனி பிடித்துவிட்டது என்று ஊரே சொன்னது என்பதை அவனிடம் எங்கே ஆரம்பித்துச் சொல்வது? உங்களிடம் என்றால் சொல்லலாம். உங்களில் சிலர் அவள் நின்றதைப் பார்த்தும் இருப்பீர்கள்.

நம் ஊருக்கு அப்போது பஸ் இல்லை. மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி மண்பாதையில் நடக்க வேண்டும். கேழ்வரகு அடித்து முடித்துக் களம் காலியாகி, ஊரே புளி உலுக்கப் போய்விடுகிற நாட்கள். ஒரு மத்தியானம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கையில் பை இல்லை. பின்னாலேயே ஒரு செவலை நாய் வந்தது. அம்மா கொடுத்த சொம்புத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாசலில் குழிந்திருந்த கல்லில் நாய்க்கு ஊற்றினாள். இடது கையால் சொம்பை வாங்கினாள். அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பா களத்திலிருந்து வந்து டயர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னா, மாப்ள கூட சண்டையா?"

"அதெல்லாம் இல்லீங்கண்ணா. கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேன்."

"இரு. உன் வூடுதான இது."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாய் யார் வீடு என்று பார்க்கவில்லை. வந்த மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் கோழிக்குஞ்சுகளைத் துரத்தியது. அடுத்த வாரம் அவருடைய சினையாட்டை விரட்டிக் கிணற்றுமேடு வரைக்கும் ஓட்டியது. பெரியப்பா என்றால் பங்காளி. வரப்புத் தகராறு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அவர் வந்து வாசலில் நின்று, நாயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "வந்த பொண்ணு எப்பத் திரும்பிப் போவுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நம் ஊரில் அதுவரை நாயைக் கயிற்றில் பிடித்து நடந்தவர்கள் கிடையாது. நாய் நாய்பாட்டுக்குத் திரியும். கயிறு என்றால் அது மாட்டுக்கு. அப்பாவுக்கோ மாடு வசக்கிப் பழக்குவதில் பெரிய பெயர். நுகத்துக்குத் தலைகொடுக்காத இளங்காளைகளைச் சித்தேரி மலையடிவாரத்திலிருந்துகூட ஓட்டிவந்து அவரிடம் விட்டுப்போவார்கள். முட்டித் தள்ளிக்கொண்டு வந்த காளை திரும்பிப் போகும்போது சின்னப்பிள்ளை பிடித்துப்போகிற மாதிரி அடங்கியிருக்கும். நாயும் நாலு கால் பிராணிதானே என்று அவரே கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் திருட்டு மேய்ச்சல் மாட்டுக்குக் கட்டுகிற தொண்டுக்கட்டையை எடுத்துச் செவலையின் கழுத்தில் தொங்கவிட்டார். ஓடினால் முன்னங்காலில் அடிக்கும், அதனால் மெதுவாக நடக்கப் பழகும். செவலை நடக்கவே இல்லை. கட்டைமேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பிறகு எங்கள் கிழட்டு மயிலைக் காளையோடு சேர்த்துக் கட்டினார். காளை நடந்தால் நாய் நடந்துதானே ஆகவேண்டும்? காளை நடந்தது. நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, களம் முழுக்கச் சறுக்கியே வந்தது. கழுத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கடைசியில் மயிலையே நின்று திரும்பிப் பார்த்தது. அப்பா அதட்டியும் நகரவில்லை. அந்தக் காளைக்கு இருந்த அறிவு அன்றைக்குக் களத்தில் இருந்த வேறு யாருக்கும் இல்லை.

மாடு இழுத்தால் இழுத்த பக்கம் வரும். நாய் எதிர்ப்பக்கம் இழுக்கும். அவ்வளவு மாடு பார்த்த மனிதருக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். கயிற்றைச் சுருட்டி அத்தையின் காலடியில் போட்டார்.

"இது உருப்படாத ஜென்மம். மாரியம்மன் பண்டிகைக்குள்ள நீயே பழக்கிக்க. இல்லைன்னா நாயும் போவணும், நீயும் கெளம்பணும். ஒரு நாய்க்காக நான் பங்காளிகிட்ட பேச்சு வாங்க முடியாது."

"பழக்கிட்டா இருக்கலாமாண்ணா?"

"பழக்கு, பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' என்பதை அத்தை சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரிகிற வயதா அது?

மறுநாள் அம்மாவின் பழைய உள்பாவாடையைக் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, மெத்தென்று ஒரு கழுத்துப்பட்டை செய்தாள். பின்னும்போது ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. புண்ணில் மஞ்சள் குழைத்துப் போட நான் செவலையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பின்தொடைக்கு மேலே ரோமம் முளைக்காமல் வழவழவென்று ஒரு இடம் இருந்தது. என்ன என்று கேட்டேன். கொள்ளிக்கட்டை பட்டது என்றாள். யார் போட்டது என்று கேட்டதற்கு, "வூட்லதான்" என்றாள். ஏதாவது திருடித் தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றின் ஒரு முனையைப் பட்டையில் கட்டினாள். மறுமுனையைக் கையில் பிடிக்காமல் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"கையில புடிச்சுக்கலாமில்ல அத்தை?"

"கை நோவுது பாப்பா. இடுப்புன்னா தாங்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவளுக்கு யாரும் எந்த முறையும் சொல்லித்தரவில்லை. செவலை பாய்ந்தால் திருப்பி இழுக்க அவளுக்குக் கை இல்லை. அதனால் நின்றாள். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, நாய் பக்கமே பார்க்காமல் நின்றாள். செவலை தொண்டை கரகரக்க இழுக்கும், குதிக்கும், முனகும். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்த் திரும்பி, 'என்ன இது, வரமாட்டேங்கிறாளே' என்று அவளைப் பார்க்கும். அந்தத் திரும்பலில் கயிறு தொய்யும். தொய்ந்த உடனே அத்தை ஒரு அடி எடுத்துவைப்பாள். மறுபடி இழுக்கும், மறுபடி நிற்பாள். வீட்டிலிருந்து பால் சொசைட்டி போய்ச் சேரவே வெயில் ஏறிவிடும்.

நான் கூடவே போவேன். எனக்குக் கால் கடுக்கும், போரடிக்கும். வேலியோரம் ஆமணக்குக் காய் வெடிக்கிற சத்தம், உடைத்துப் போட்ட புளியங்கோதின் புளித்த வாசனை, தூரத்தில் ஜோலார்பேட்டை பக்கம் போகிற கூட்ஸ் வண்டியின் தடதடப்பு. இதையெல்லாம் நான் அவ்வளவு கூர்ந்து கவனித்ததே அவள் நின்றதால்தான். வேறு செய்ய ஒன்றும் இல்லை. கூட்ஸின் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவேன்.

"ஒரு தடவ இழுத்து ஒதை குடுத்தா அடங்கிடும் அத்தை" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அடங்கும். அப்புறம் என்னையப் பாத்தா ஒண்ணுக்கு உடும். அது எதுக்கு எனக்கு?"

வேறு எங்கேயும் கஷ்டமில்லை, முனியப்பன் கோயில் மொடக்கில்தான் கஷ்டம். நம் ஊர்ப்பாதை வளைந்து, மொரப்பூருக்கு ஒன்றும் அத்தை ஊருக்கு ஒன்றுமாகப் பிரிகிற இடம். புளியமரத்தடியில் கண்ணை உருட்டிக்கொண்டு, கத்தியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர் முன்னால். வேண்டுதலுக்குக் கோழி அறுப்பது அங்கேதான். ரத்த வாடையும் இறகும் எப்போதும் கிடக்கும். நாய்க்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அங்கே வந்ததும் செவலைக்குப் பித்து ஏறிவிடும். ஆகவே அத்தையும் அங்கேதான் அதிக நேரம் நின்றாள். வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்புவதால் அங்கே போய்ச் சேர எப்போதும் உச்சிப்பொழுதாகிவிடும்.

இப்போது யோசித்தால் பார்த்தவர்கள்மேல் கோபம் வருவதில்லை. நீங்களே நினைத்துப் பாருங்கள். உச்சி வெயில். முனியப்பனுக்கு நேர் எதிரே ஒரு பொம்பளை, புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், கொண்டை அவிழ்ந்து, இடுப்பில் கயிற்றோடு, ஆடாமல் அசையாமல் நிற்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. திரும்பினால் நாய் அந்தப் பக்கம் பாயும், அதனால் திரும்பமாட்டாள். இது எனக்குத் தெரியும், புளி உலுக்கிவிட்டு வந்த பெண்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருத்தியும் கேட்கவில்லை.

"உங்க நாத்தனா கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. கண்ணே சிமுட்டல. என்னான்னு பாருங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்தநாள் அதை வேறு இரண்டு பேர் சொன்னார்கள். பெரியப்பா மறுபடி வந்தார். இந்த முறை நாயைப் பற்றியும் பேசவில்லை, பெண் எப்போது போகும் என்றும் கேட்கவில்லை. "பாத்துக்கப்பா" என்று அனுதாபமாகச் சொன்னார். அவர் அனுதாபப்பட்டதுதான் அப்பாவைப் போட்டு வாட்டியது.

அம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் பாதியை மறைத்தவளாவேன். பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அத்தையை உட்காரவைத்து, விளக்கெண்ணெய் காய்ச்சித் தோளில் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கன்றுக்குத் தண்ணீர் வைக்கப் போன என் காதில் அம்மா பேசியது விழுந்தது.

"எப்படி முறுக்கியிருக்கறான் பாரு. எலும்பே தடம் மாறிக் கெடக்குது."

"அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்கண்ணி."

"சொல்லி என்னா ஆவப்போவுது? அவரு அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு. அப்புறம் ரெண்டு குடும்பமும் கோர்ட்டுக்கு அலையணும். பொறுத்துக்க. எந்த வூட்லதான் இல்ல?"

அப்பா அரிவாளைத் தூக்கியிருப்பாரா என்பது எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம். அவர் மாட்டைத்தான் அதட்டுவார், மாப்பிள்ளையை அல்ல. ஆனால் அந்த இரண்டு பெண்களும் அப்படி நம்பினார்கள், அந்த நம்பிக்கையில் வாயை மூடிக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா அத்தையின் சேலையை இழுத்துத் தோளை மூடினாள். யார் முறுக்கினார்கள், எதை முறுக்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. போன வாரம் என் தோள் தெறித்தபோதுதான் அந்த விளக்கெண்ணெய் வாசனை மூக்கில் வந்து நின்றது.

பண்டிகைக்குக் கம்பம் நட்ட வாரத்தில் அப்பா பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி அத்தையை மனையில் உட்காரவைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, வேப்பங்கொத்தால் தலையில் தட்டித் தட்டிக் கேட்டார்.

"யாரு வந்திருக்கறது? சொல்லு."

"நான்தானுங்க வந்திருக்கறேன்."

"நான்னா யாரு?"

"இந்த வூட்டுப் பொண்ணுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள். பூசாரி விடவில்லை.

"மொடக்குல எதுக்கு நின்ன?"

"நாயி இழுத்துச்சுங்க. நாம நின்னுட்டா அது இழுக்கறத வுட்டுடும்."

"அது இழுத்தா நீயும் இழுக்க வேண்டியதுதான? எதுக்குப் போட்டு நிக்கற?"

அத்தை அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் அண்ணியைப் பார்த்தாள். அம்மா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். பூசாரி அப்பாவிடம் திரும்பி, "இங்கதான் புடிபடுது பாருங்க, இதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார். கயிறு கட்டக் கையை நீட்டச் சொன்னார். அத்தை இடது கையை நீட்டினாள். பொம்பளைக்கு இடது கையில்தான் கட்டுவது என்பதால் அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஒரு மனுஷி ஒரு பக்கக் கையைத் தூக்காமலே எங்கள் நடுவில் அத்தனை நாள் இருந்திருக்கிறாள்.

ஆனால் நாய் பழகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டும். பண்டிகை நாளில் தெரு முழுக்க ஆடு, கோழி, பம்பை, தாரை, மொட்டையடித்த பிள்ளைகள். அத்தை தலைக்குக் குளித்து, செவலையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவ்வளவுக்கும் நடுவில் நடந்துபோனாள். கயிறு தொய்ந்து அரைவட்டமாகத் தொங்கியது. செவலை அவள் முழங்காலை ஒட்டியே நடந்தது. பெரியப்பாவின் ஆடு மூக்குக்கு முன்னால் வந்து நின்றது, இது ஒரு தரம் பார்த்துவிட்டு அத்தை முகத்தைப் பார்த்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அத்தை நேராக அப்பாவிடம் போய் நின்றாள்.

"பாத்தீங்களாண்ணா, இழுக்கறதே இல்ல."

அப்பா நாயைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மாட்டை மதிப்புப் போடுகிறவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "அட, செரி" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு பாராட்டு இருந்தது. அதனால்தான் மத்தியானம் அத்தையின் புருஷன், எங்கள் மாமா, வந்தபோது அவரைக் கூப்பிட்டு அனுப்பியதே அப்பாதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமா வெள்ளைச் சட்டையும் பவுடர் பூசிய முகமுமாக வந்தார். எனக்கு மிக்சர் பொட்டலம் கொடுத்தார். அம்மாவின் சாம்பாரை மெச்சினார். சிரித்துச் சிரித்துப் பேசுவார், அவரைப் பிடிக்காதவர்களே கிடையாது, எனக்கும் பிடிக்கும். மிக்சரைத் தின்றுகொண்டே செவலையைத் தேடிப் போனேன். அது கொட்டகை மூலையில் வைக்கோலுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டியது. மிக்சர் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தேன்.

கூடத்தில் அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, புள்ளைக்குக் கொஞ்சம் காத்து கருப்பு பட்டிருக்குது. பூசாரிய வெச்சுக் கயிறு கட்டியிருக்கறோம். அவ வூட்ல அவ இருந்தா எல்லாம் செரியாப் போயிரும்."

"நான் பாத்துக்கறனுங்க மச்சான். நீங்க கவலப்படாதீங்க" என்றார் மாமா.

அத்தை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாயப் பழக்கிட்டனேண்ணா" என்றாள்.

"அதான் காலையில பாத்தனே. நல்லாத்தான் பழக்கியிருக்கற. அங்க போயும் அப்படியே வெச்சிக்க."

அவ்வளவுதான். அம்மா உள்ளே போய் அத்தைக்குப் புதுச்சேலை எடுத்து வந்தாள், குங்குமம் வைத்தாள். அழுதாள். அந்த அழுகையைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். அத்தை அந்த வீட்டிலேயே இருந்து, அந்த வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். நான் சொல்ல வந்தது அந்த மொடக்கு வரைக்கும்தான்.

அப்பாவும் நானும் வழியனுப்பப் போனோம். மாமா முன்னால், அத்தை பின்னால், அவள் இடுப்புக் கயிற்றில் செவலை. முனியப்பன் கோயிலுக்கு முன்னால் பாதை பிரிகிற இடத்தில் மாமா தன் ஊர்ப்பக்கம் திரும்பினார். செவலை நின்றுவிட்டது. காலை ஊன்றிக்கொண்டு, நாங்கள் வந்த பக்கம் திரும்பிக் கயிற்றை விறைப்பாக இழுத்தது. அத்தையும் நின்றாள். எப்போதும் நிற்பது போலக் காலை அகட்டி, எந்தப் பக்கமும் பார்க்காமல் நின்றாள். மாமா திரும்பி, சிரித்தபடியே, "என்னா, வல்லியா?" என்றார்.

அந்தக் கோடை முழுக்க அது இழுக்கக் கூடாது என்று அவளோடு வெயிலில் நின்றவள் நான். அன்றைக்கு முனியப்பனைப் பார்த்து, இழுக்கட்டும் சாமி, விடாமல் இழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இழுத்துக்கொண்டே இருந்தால் அவள் நின்றுகொண்டே இருப்பாள். பொழுது போய்விடும், அப்பா வீட்டுக்கு வா என்று சொல்லித்தான் ஆகவேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செவலை திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தது. பிறகு வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வந்து அவள் முழங்காலை ஒட்டி நின்றது. கயிறு தொய்ந்தது.

அத்தை ஒரு அடி எடுத்துவைத்தாள். அதுவும் நடந்தது. அவர்கள் பாறைக் கரட்டுப் பக்கம் போய் மறைகிறவரைக்கும் அந்தக் கயிறு விறைக்கவே இல்லை.

"எப்படி வசக்கியிருக்கறா பாரு" என்றார் அப்பா.